டிரவுட்டா, ஸ்டீல்ஹெட் குஞ்சா? வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஆற்று டிரவுட் மீன் பிடிப்பவர்கள் எந்தப் பருவத்தில், எத்தகைய நீரில் தூண்டில் போடலாம் என்பது பற்றிக் கடந்த இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைச் சுற்றி வந்தன. கையில் கிடைத்திருப்பது ஆற்றிலேயே தங்கும் டிரவுட்டா, நாளை கடலுக்குப் போகவிருக்கும் ஸ்டீல்ஹெட்டின் குஞ்சா என்பதே அது. ஆகவே இந்த இதழின் பதில்கள் அனைத்தும் அதைப் பற்றியே அமைகின்றன.

கேள்வி: மே மாதக் கடைசியில், ஒரிகனில் கடலை நோக்கி ஓடும் ஓர் ஆற்றில் ஏழு அங்குல நீளமுள்ள மீன் ஒன்று கிடைத்தது. வெள்ளியாகப் பளபளத்தது. ரெயின்போ டிரவுட் என்று எண்ணிக் கூடையில் போடப் போனபோது, அருகில் நின்ற பெரியவர் ஒருவர், "அது ஸ்டீல்ஹெட் குஞ்சு, விட்டுவிடுங்கள்" என்றார். விட்டுவிட்டேன். அவர் எதை வைத்து அப்படிச் சொன்னார்? (வாசகர், போர்ட்லாந்து)

பதில்: அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மீனின் உருவத்தை மட்டும் பார்த்து அவர் அதைச் சொல்லியிருக்க முடியாது. மாதம், ஆறு, நீளம், நிறம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தே சொல்லியிருப்பார்.

ரெயின்போ டிரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஆன்கோரிங்கஸ் மைகிஸ் என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆற்றில் பிறந்து ஆற்றிலேயே வாழ்ந்து முடிப்பதை ரெயின்போ என்கிறோம். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிடுவதற்காகத் திரும்பி வருவதை ஸ்டீல்ஹெட் என்கிறோம். இந்த மீனை எங்கே வைப்பது என்பதில் விஞ்ஞானிகளே நெடுங்காலம் தடுமாறினார்கள். ரஷ்யாவின் கம்சட்கா பகுதியில் கிடைத்த மீனுக்கு வால்பாம் என்பவர் 1792-இல் ஒரு பெயர் சூட்டினார்; கொலம்பியா ஆற்று மீனுக்கு ரிச்சர்ட்சன் 1836-இல் வேறொரு பெயர் சூட்டினார். இரண்டும் ஒன்றுதான் என்று ஏற்றுக்கொண்டு, அதை அட்லாண்டிக் சால்மனின் பேரினத்திலிருந்து எடுத்துப் பசிபிக் சால்மன்களின் பேரினத்தில் சேர்த்தது 1989-இல்தான்.

ஒரே இனம் என்பதால், நான்கைந்து அங்குலப் பருவத்தில் இரண்டையும் கண்ணால் பிரிக்க வழியே இல்லை. பக்கவாட்டில் எட்டு முதல் பதின்மூன்று வரை நீள்வட்டக் கறைகள் வரிசையாக இருக்கும். அந்தக் கறைகளைக் கொண்ட பருவத்து மீனை அங்குள்ளவர்கள் 'பார்' என்கிறார்கள். இந்தப் பார் ஆற்றில் தங்கிவிடும், அந்தப் பார் கடலுக்குப் போய்விடும் என்று தோற்றத்தைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. மீன்வளத் துறையினர் ஓடைகளில் கணக்கெடுக்கும்போதுகூட இரண்டையும் சேர்த்து இனப்பெயரிலேயே பதிவு செய்கிறார்கள்.

வேறுபாடு வெளியே தெரியத் தொடங்குவது கடலுக்குப் புறப்படும் வசந்தத்தில்தான். ஸ்டீல்ஹெட் குஞ்சு பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளும், ஆற்றைப் பொறுத்து ஒன்று முதல் நான்கு ஆண்டுகள் வரையும் நன்னீரில் வளர்ந்து, ஆறு முதல் எட்டு அங்குல நீளத்தை எட்டியதும், ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையே உப்பு நீருக்கு ஏற்றபடி தன் உடலை மாற்றிக்கொள்கிறது. செவுள்கள் உப்பை வெளியேற்றும் திறனைப் பெறுகின்றன. தோலிலும் செதிலிலும் குவானின் என்னும் பொருள் படிந்து, பக்கக் கறைகள் மங்கி, உடல் முழுவதும் வெள்ளி பூசியது போலாகிறது. உடல் ஒடுங்கி நீள்கிறது. வால் துடுப்பின் ஓரம் கறுக்கிறது. இந்த நிலையில் உள்ள மீனுக்கு ஸ்மோல்ட் என்று பெயர். அதன் செதில்கள் மிகவும் தளர்வாக இருப்பதால், தொட்ட மாத்திரத்தில் உதிர்ந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் மீனைத் தண்ணீரில் விட்ட பிறகு கையில் வெள்ளிச் செதில்கள் ஒட்டியிருந்தனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒட்டியிருந்தால் பெரியவரின் கூற்றில் ஐயப்பட எதுவுமில்லை.

அதே நீளமுள்ள ஆற்று ரெயின்போ சற்றுத் தடித்திருக்கும். முதுகு பாசி நிறமாகவும், பக்கத்தில் இளஞ்சிவப்புப் பட்டையோடும், கறைகள் மறையாமலும் காணப்படும். மலையுச்சியை ஒட்டிய குளிர்ந்த சிற்றோடைகளில், முட்டையிடும் வயதுக்கு வந்த ஆறேழு அங்குல ரெயின்போகூடத் தன் குழந்தைப் பருவக் கறைகளை உதறாமல் வைத்திருக்கும். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வெள்ளியாக இருக்கும் மீன் ஸ்மோல்ட் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். வெள்ளியாக இல்லாத மீன் ஆற்று டிரவுட் என்று சொல்ல முடியாது, ஏனெனில் அது அடுத்த ஆண்டு கடலுக்குப் போகவிருக்கும் பாராகவும் இருக்கலாம். கடலோடு தொடர்புள்ள ஆறுகளில் எட்டு அங்குலத்துக்குக் குறைந்த ரெயின்போ எதையும் வைத்துக்கொள்ளவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். சட்டம் அனுமதிக்கும் இடங்களுக்கும் இதையே சொல்வேன்.

கேள்வி: ஒரே இனம் என்றால், ஒன்று கடலுக்குப் போவதும் இன்னொன்று தங்கிவிடுவதும் ஏன்? ஒரே தாயின் குஞ்சுகள் இரு வகையாகவும் ஆகுமா? (வாசகி, சியாட்டில்)

பதில்: ஆகும். ஸ்டீல்ஹெட் தாயின் குஞ்சுகளில் சில ஆற்றிலேயே தங்கிவிடுவதும், ஆற்று ரெயின்போவின் குஞ்சுகளில் சில கடலுக்குப் போவதும் உறுதி செய்யப்பட்ட செய்திகள். பரம்பரைக்கு இதில் பங்குண்டு. கலிபோர்னியாவின் கரையோர ஆறுகளில் ஆராய்ந்தவர்கள், இந்த மீனின் ஐந்தாம் குரோமோசோமில் ஒரு பெரும் பகுதி தலைகீழாகத் திரும்பியிருக்கும் இரு வடிவங்களைக் கண்டறிந்து, அவற்றில் ஒன்று கடலுக்குப் போகும் இயல்போடும் மற்றொன்று தங்கும் இயல்போடும் நெருங்கிய தொடர்புடையது என்று காட்டினார்கள். அது மட்டுமே முடிவு செய்துவிடுவதில்லை. ஆற்றின் வெப்பம், கிடைக்கும் இரை, முதல் ஆண்டில் மீன் வளரும் வேகம், உடலில் சேரும் கொழுப்பு ஆகியவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஆண், பெண் என்னும் பால் வேறுபாட்டுக்கும் இதில் பெரிய இடம் உண்டு. கடலுக்குப் போகும் குஞ்சுகளில் பெண்கள் அதிகம். ஒரு பெண் மீன் எத்தனை முட்டையிடும் என்பதை அதன் உடல் அளவே முடிவு செய்கிறது: ஆற்றில் தங்கிய சிறிய தாய் சில நூறு முட்டைகள் இடும் இடத்தில், கடலில் பெருத்து வந்த தாய் சில ஆயிரம் முட்டைகள் இடும். அந்த ஆதாயத்துக்காகக் கடலின் ஆபத்துகளை ஏற்பது அதற்குத் தகும். ஆணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆறு அங்குலத்திலேயே பருவமடைந்த ஆண் ரெயின்போ, பத்துப் பவுண்டு எடையுள்ள ஸ்டீல்ஹெட் இணை முட்டையிடும் நொடியில் குறுக்கே பாய்ந்து தன் விந்தையும் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறது. ஆகவே 'ஆற்று டிரவுட்தானே' என்று நாம் எளிதாக எண்ணும் மீன், அடுத்த தலைமுறை ஸ்டீல்ஹெட்டின் தந்தையாகவும் இருக்கலாம்.

இதற்கு நேரடிச் சான்றாக வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றைச் சொல்லலாம். அங்கே 1913-லும் 1927-லும் கட்டி முடிக்கப்பட்ட இரண்டு அணைகளிலும் மீன் ஏறிச் செல்ல வழி விடப்படவில்லை. மேலே அகப்பட்டுக்கொண்ட மீன்கள் பல தலைமுறைகள் ரெயின்போவாகவே வாழ்ந்தன. 2011-இல் தொடங்கி 2014-க்குள் இரு அணைகளும் அகற்றப்பட்டதும், மேலே அடைபட்டிருந்த அந்த வம்சத்திலிருந்து கடலுக்குப் போகும் மீன்கள் தோன்றின. ஏறத்தாழ மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட கோடைக்கால ஸ்டீல்ஹெட் மீண்டும் ஆற்றில் தென்பட்டது. நூறாண்டு அடைபட்டிருந்தும் கடலுக்குப் போகும் இயல்பு அந்த மீனை விட்டு நீங்கவில்லை.

கேள்வி: என் ஆற்றில் ஸ்டீல்ஹெட் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், டகோமா)

பதில்: வரைபடத்தை எடுத்துக்கொண்டு, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கடல் வரை ஆற்றைக் கீழ்நோக்கித் தொடர்ந்து பாருங்கள். வழியில் மீன் தாண்ட முடியாத அருவியோ, மீன் ஏணி இல்லாத அணையோ இருந்தால், அதற்கு மேலே உள்ள ரெயின்போ கடலைக் கண்டு திரும்பிய மீனாக இருக்க முடியாது. ஸ்னோக்வால்மி அருவி அப்படிப்பட்ட இயற்கைத் தடை. கொலம்பியா ஆற்றில் சீஃப் ஜோசப் அணையும், ஸ்னேக் ஆற்றில் ஹெல்ஸ் கேன்யன் அணையும் மனிதன் எழுப்பிய தடைகள். வில்லமெட் அருவியில் மீன் ஏணி இருப்பதால் அது தடையாகாது. ஆனால் பழைய வரைபடத்தை நம்பிவிடாதீர்கள். கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் வேலை 2024-இல் முடிந்துவிட்டதால், நேற்று வரை டிரவுட் மட்டுமே வாழ்ந்த நீருக்கு இன்று கடலிலிருந்து வழி திறந்திருக்கிறது. விதிகளும் அதற்கேற்ப மாறும்.

கேள்வி: சட்டம் இவ்வளவு நீளத்துக்கு மேல் ஸ்டீல்ஹெட், அதற்குக் கீழே டிரவுட் என்கிறது. உயிரியல்படி இது சரியா? (வாசகர், சாக்ரமெண்டோ)

பதில்: உயிரியல்படி சரியன்று, ஆனால் ஆற்றங்கரையில் நிற்பவருக்குப் பயன்படக்கூடிய விதி வேறு எதுவும் இல்லை. கலிபோர்னியாவில் கடலோடு தொடர்புள்ள நீரில் 16 அங்குலத்துக்கு மேற்பட்ட ரெயின்போவை ஸ்டீல்ஹெட் என்று கொள்கிறார்கள். வாஷிங்டனிலும் ஐடஹோவின் ஸ்டீல்ஹெட் ஆறுகளிலும் அந்த எல்லை 20 அங்குலம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 50 சென்டிமீட்டர். கடலிலிருந்து திரும்பும் மீன் பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டியிருக்கும், ஆற்றிலேயே வளர்ந்த மீன் பெரும்பாலும் தாண்டாது என்ற கணிப்பே இதற்கு அடிப்படை.

விதிக்கு அடங்காத மீன்களும் உண்டு. கிளாமத், ரோக், ஈல் ஆகிய ஆறுகளில், கடலுக்குப் போன சில மாதங்களிலேயே, பருவமடையாமலேயே ஆற்றுக்குத் திரும்பி, குளிர்காலத்தை அங்கே கழித்துவிட்டு மீண்டும் கடலுக்குப் போகும் ஸ்டீல்ஹெட் உண்டு. அவற்றை 'ஹாஃப் பவுண்டர்' என்பார்கள். பன்னிரண்டு, பதினான்கு அங்குலம்தான் இருக்கும். சட்டத்தின் கண்ணில் அது டிரவுட்.

உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. நீள எல்லைக்குக் கீழே உள்ள ஸ்டீல்ஹெட் குஞ்சைச் சட்டம் எப்படிக் காக்கிறது என்றால், அதைப் பெயர் சொல்லிக் காப்பதில்லை. டிரவுட்டுக்கான குறைந்தபட்ச நீளத்தைக் கொண்டும், பருவம் தொடங்கும் நாளைக் கொண்டும் காக்கிறது. வாஷிங்டனின் பல ஆறுகளில் குறைந்தபட்ச நீளம் 8 அங்குலம். கடலோடிகளான டிரவுட்களையும் ஸ்மோல்ட்களையும் காக்க விரும்பும் ஆறுகளில் அது 14 அங்குலம். பல ஆறுகளைக் கோடையின் வாசலில்தான் திறக்கிறார்கள், ஏனென்றால் அதற்குள் ஸ்மோல்ட்களில் பெரும்பகுதி கடலை அடைந்திருக்கும். இந்த எண்கள் ஆற்றுக்கு ஆறு, சில நேரம் பாலத்துக்குப் பாலம் மாறுவதால், போகும் ஆண்டின் விதிப்புத்தகத்தையும் இடையில் வரும் அவசர அறிவிப்புகளையும் பார்க்காமல் தூண்டிலை எடுக்காதீர்கள்.

கேள்வி: கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே? (வாசகர், ஸ்போகேன்)

பதில்: முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, எலும்பில்லாமல் சதைத் துணுக்காக இருக்கும் சிறிய துடுப்பே கொழுப்புத் துடுப்பு. பொரிப்பகத்தில் வளர்த்த ஸ்டீல்ஹெட்டைக் காட்டு மீனிலிருந்து பிரித்தறிவதற்காக, ஆற்றில் விடுமுன் அதை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய இடம் ஆறி, வழவழப்பான தழும்பாக இருக்க வேண்டும். துடுப்பு முழுமையாக இருக்கும் ஸ்டீல்ஹெட்டை விட்டுவிட வேண்டும் என்பதே இன்று பெரும்பாலான ஆறுகளின் விதி. ஆனால் இந்த அடையாளம் மீன் எங்கே வளர்ந்தது என்பதை மட்டுமே சொல்லும். மே மாதத்தில் துடுப்பு வெட்டப்பட்ட ஏழு அங்குல மீன் கிடைத்தால், அது அண்மையில் திறந்துவிடப்பட்ட பொரிப்பக ஸ்மோல்ட்டாக இருக்கக்கூடும். குறைந்தபட்ச நீள விதி அதற்கும் பொருந்தும்.

கேள்வி: ஸ்டீல்ஹெட் குஞ்சை ரெயின்போவிலிருந்து பிரிக்க முடியாது, சரி. கட்த்ரோட், கோஹோ, சினூக், புல் டிரவுட் குஞ்சுகளிலிருந்தாவது பிரிக்க முடியுமா? (வாசகி, வான்கூவர்)

பதில்: முடியும்; இவை வேறு இனங்கள் (கோஹோவும் சினூக்கும் சால்மன் வகை, கட்த்ரோட் டிரவுட் வகை) என்பதால் பார்க்க வேண்டிய இடம் தெரிந்தால் போதும். மீனைத் தண்ணீருக்கு வெளியே எடுக்காமல், ஈரமான வலைக்குள் வைத்தபடியே பாருங்கள்.

முதலில் குதத் துடுப்பைப் பாருங்கள். அடிவயிற்றின் பின்பகுதியில், வாலுக்குச் சற்று முன்னால் இருக்கும் துடுப்பு அது. சால்மன் குஞ்சுகளில் அதன் அடிப்பகுதி நீண்டிருக்கும். துடுப்பு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அதைவிட அது உடலோடு ஒட்டியிருக்கும் நீளம் அதிகம். டிரவுட், ஸ்டீல்ஹெட் குஞ்சுகளில் இது மாறி, அடி குறுகியும் துடுப்பு ஆழமாகவும் இருக்கும். துடுப்புக் கதிர்களை எண்ணுவது பொறுமையுள்ளவர்களுக்கானது: சால்மனில் பொதுவாக 13 அல்லது அதற்கு மேல், டிரவுட்டில் 12 அல்லது அதற்குக் கீழ். கோஹோ குஞ்சின் குதத் துடுப்போ எண்ணாமலேயே தெரியும்: அதன் முன்னோரம் அரிவாள் போல நீண்டு வளைந்து, வெள்ளை விளிம்போடும் அதற்கு உள்ளே ஒரு கரிய கோட்டோடும் இருக்கும். சினூக் குஞ்சின் பக்கக் கறைகள் உயரமாகவும், இடைவெளிகளைவிட அகலமாகவும் அமையும். ஸ்டீல்ஹெட் பாரின் கறைகள் அவற்றைவிடக் குட்டையானவை, உருண்டை வடிவை ஒட்டியவை. முதுகுத் துடுப்புக்கு முன்னால் முதுகின் நடுக்கோட்டில் சில கரும்புள்ளிகளும் வரிசையாக இருக்கும்.

கட்த்ரோட்தான் கடினம். வளர்ந்த மீனில் கீழ்த்தாடையின் அடியில் செந்நிறக் கீற்றுகள் இரண்டு இருக்கும். மேல்தாடை எலும்பு கண்ணின் பின்விளிம்பைத் தாண்டிச் செல்லும். நாக்கின் அடியில், செவுள் வளைவுகளுக்கு நடுவே நுண்ணிய பற்கள் இருக்கும். ஐந்தாறு அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சில் கீற்று மங்கலாகவோ இல்லாமலோ இருக்கலாம், தாடை இன்னும் நீண்டிருக்காது. அதற்கும் மேலாக, இவ்விரு இனங்களும் கரையோர ஓடைகளில் கலந்து கலப்பினக் குஞ்சுகளை ஈன்கின்றன. அத்தகைய ஓடையில் குஞ்சின் பெயரைத் தேடிக்கொண்டிருப்பதைவிட அதை உடனே விட்டுவிடுவதே அதற்கு நல்லது.

புல் டிரவுட் 'சார்' என்னும் பிரிவைச் சேர்ந்தது. கரிய உடலில் வெளிர்ப் புள்ளிகள் இருப்பது அந்தப் பிரிவின் அடையாளம். ரெயின்போவில் வெளிர் உடலில் கரும்புள்ளிகள். முதுகுத் துடுப்பில் கரும்புள்ளியோ கோடோ எதுவுமே இல்லையென்றால் அதைப் புல் டிரவுட் என்று கொண்டு விட்டுவிடுங்கள். 1999 முதல் அது அமெரிக்காவின் தொடர் மாநிலங்கள் முழுவதிலும் அருகிவரும் இனங்களுக்கான கூட்டரசுச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது.

கேள்வி: ஆய்வகத்தில் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்களா? (வாசகர், கோர்வாலிஸ்)

பதில்: கடலுக்குப் போய்த் திரும்பிய மீனா என்பதைச் செதிலே சொல்லிவிடும். செதிலில் வளர்ச்சி வளையங்கள் உண்டு. ஆற்றில் கழித்த ஆண்டுகளின் வளையங்கள் நெருக்கமாகவும், இரை மிகுந்த கடலில் கழித்த ஆண்டுகளின் வளையங்கள் அகன்றும் இருக்கும்.

குஞ்சைப் பற்றியும் ஒரு செய்தி தெரியவரும், ஆனால் அதற்காக மீனைக் கொல்ல வேண்டியிருக்கும். மீனின் காதுக்குள் இருக்கும் ஓட்டோலித் என்னும் சிறு கல் நாள்தோறும் அடுக்கடுக்காக வளர்கிறது. பெரும்பாலான ஆறுகளைவிடக் கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் அதிகம். கடலில் வாழ்ந்த தாய் அங்கேயே உருவாக்கத் தொடங்கிய முட்டையின் கருவில் அது சேர்ந்து, குஞ்சின் காதுக்கல்லின் மையத்தில் பதிந்துவிடுகிறது. ஆகவே மையத்தில் ஸ்ட்ரான்சியம் மிகுந்திருந்தால் தாய் ஸ்டீல்ஹெட் என்று அறியலாம். ஒரிகனின் டெஷூட்ஸ் ஆற்றில் இந்த முறையைக் கொண்டு, அங்கே ஸ்டீல்ஹெட்டும் ரெட்பேண்ட் எனப்படும் ஆற்று ரெயின்போவும் பெரும்பாலும் தனித்தனியே இனப்பெருக்கம் செய்வதைக் கண்டறிந்தார்கள். குஞ்சு தானே கடலுக்குப் போயிருக்குமா என்பதற்கு அந்தக் கல்லிலும் விடை இல்லை.

கேள்வி: பெரிய டிரவுட்தான் வேண்டும், ஆனால் கடிப்பதெல்லாம் குஞ்சுகளாகவே இருக்கின்றன. அவற்றைத் தவிர்ப்பது எப்படி? (வாசகர், யூஜீன்)

பதில்: இடத்தை மாற்றுவதே முதல் மருந்து. குஞ்சுகள் ஆழம் குறைந்த, கற்கள் நிறைந்த, சலசலத்து ஓடும் ஓரப் பகுதிகளில் கூட்டமாக இருக்கும். பெரிய டிரவுட் ஆற்றலை வீணாக்காது. வேகமான நீரும் மெதுவான நீரும் உரசிச் செல்லும் கோட்டின் மெதுவான பக்கத்திலும், பாறைக்கு முன்னும் பின்னும், மடுவின் தலைப்பகுதியில் ஆழம் திடீரென இறங்கும் விளிம்பிலும், கரை அரித்துக் குடைந்த நிழலிலும் அது நின்றுகொண்டு, மிதந்து வரும் இரையை எடுத்துக்கொள்ளும். தொடர்ந்து இரண்டு மூன்று குஞ்சுகள் கடித்தால், அந்த இடத்தில் பெரிய மீன் இல்லை என்றே வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

இரண்டாவது, போலிப் பூச்சியின் அளவு. 16, 18 எண் கொண்ட, நீர்மேல் மிதக்கும் சிறிய உலர் பூச்சிகள் ஆறு அங்குல வாய்க்கு அளவெடுத்தவை. அவற்றைவிடப் பெரிய 8, 10 எண்களில் கட்டிய கல்பூச்சி வடிவங்களையும், கேடிஸ் என்னும் நீர்ப்பூச்சியின் பெரிய வடிவங்களையும் பயன்படுத்தினால் குஞ்சுகள் மோதும், ஆனால் குறைவாகவே மாட்டும். டெஷூட்ஸில் மே, ஜூன் மாதங்களில் 'சால்மன் பூச்சி' எனப்படும் பெரிய கல்பூச்சிகள் கரைச்செடிகளில் அப்பிக்கொண்டிருக்கும் நாள்கள் இதற்கு மிகப் பொருத்தமானவை.

மூன்றாவது, மண்புழு, மீன்முட்டை போன்ற உயிர் இரையை இத்தகைய ஆறுகளில் கைவிடுங்கள். இரையை மீன் விழுங்கிவிடுவதால் தூண்டில் முள் தொண்டையிலோ குடலிலோ மாட்டுகிறது. விட்ட பிறகு இறக்கும் மீன்களின் விகிதம் செயற்கைப் பூச்சியைவிட உயிர் இரையில் பன்மடங்கு அதிகம் என்பது பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்த முடிவு. ஒற்றை முள்ளையே பயன்படுத்தி, அதன் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். எதிர்முள் இல்லாத முள்ளைக் கழற்ற, மீனைக் கையில் எடுக்கவே வேண்டியதில்லை: முள்ளின் தண்டைக் குறடால் பிடித்துத் தண்ணீருக்குள்ளேயே தலைகீழாகத் திருப்பினால் குஞ்சு தானே நழுவிப் போய்விடும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் கையை நனையுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பைத் துடைத்துவிடும். ஸ்மோல்ட்டுக்கோ செதிலும் சேர்ந்து போய்விடும், செதில் இழந்த குஞ்சு உப்பு நீரைத் தாங்குவது கடினம்.

கால் வைக்கும் இடத்தையும் பாருங்கள். சால்மன் இலையுதிர் காலத்தில் முட்டையிடும். ஸ்டீல்ஹெட்டும் ரெயின்போவும் பெரும்பாலும் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் முட்டையிடும். சுற்றுப்புறத்தைவிட வெளிறிச் சுத்தமாகத் தெரியும் சரளைக்கல் திட்டு, அதன் மேல்முனையில் ஒரு பள்ளம் என்று கண்டால் அதற்குள் முட்டைகள் புதைந்திருக்கும். கோடையின் தொடக்கம் வரை அங்கே நடக்காதீர்கள்.

கேள்வி: ஒரு குஞ்சைச் சமைத்துச் சாப்பிட்டால் ஆற்றுக்கு என்ன குறைந்துவிடும்? கடலுக்குப் போகும் குஞ்சுகளில் பெரும்பாலானவை எப்படியும் செத்துத்தானே போகின்றன? (வாசகர், பாய்சி)

பதில்: நேர்மையான கேள்வி; கணக்கும் ஓரளவுக்கு உங்கள் பக்கம் இருப்பது போலத்தான் தெரியும். கொலம்பியா ஆற்றுப் படுகையில், புறப்படும் நூறு ஸ்மோல்ட்களில் இரண்டு முதல் ஆறு வரை வளர்ந்த மீனாகத் திரும்ப வேண்டும் என்பதே வடமேற்கு மின்சக்தி மற்றும் பாதுகாப்பு மன்றம் வைத்த இலக்கு. பல ஆண்டுகளில் அதுவும் எட்டப்படுவதில்லை.

ஆனால் அதே கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். ஸ்மோல்ட் ஆன மீன், முட்டையிலிருந்து வெளிவந்து, வெள்ளத்தையும் கோடை வறட்சியையும் இரண்டு குளிர்காலங்களையும் கடந்த மீன். ஆயிரக்கணக்கான முட்டைகளில் மிகச் சிலவே அந்தக் கட்டத்தை எட்டுகின்றன. அவை ஒரே சில வாரங்களில், ஒரே ஆற்று வழியாக, பசியோடு இறங்கி வருகின்றன. அப்போது கரையில் நிற்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. ஒரு நல்ல சனிக்கிழமையில் ஆளுக்கு நான்கைந்து என்று எடுத்தால், சிறிய ஆற்றில் அது கண்ணுக்குத் தெரியும் இழப்பாகிவிடும். உங்கள் மாநிலத்து ஸ்னேக் ஆற்றுப் படுகையின் ஸ்டீல்ஹெட் 1997-லும், பியூஜெட் சவுண்ட் பகுதியின் ஸ்டீல்ஹெட் 2007-லும் கூட்டரசுச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தன. அங்கே பாதுகாக்கப்படும் காட்டு மீனின் குஞ்சுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. சாப்பிட டிரவுட்தான் வேண்டும் என்றால், கடலோடு தொடர்பில்லாத ஏரிகளில் அதற்காகவே விடப்படும் பொரிப்பக ரெயின்போ இருக்கிறது. அதை மனநிறைவோடு எடுத்துச் சாப்பிடுங்கள்.

கேள்வி: மிச்சிகனிலும் இந்தக் குழப்பம் உண்டா? அங்கே கடல் இல்லையே? (வாசகர், டிட்ராய்ட்)

பதில்: உண்டு. பேரேரிகளுக்கு ஸ்டீல்ஹெட்டை 1870-களிலிருந்து மேற்குக் கரையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அது ஏரியையே கடலாகக் கொண்டு வளர்ந்து, பேர் மார்க்கெட் போன்ற ஆறுகளில் ஏறி முட்டையிடுகிறது. அந்த ஆறுகளில் பிரவுன் டிரவுட் பிடிப்பவர்களுக்கு மாட்டும் சிறிய ரெயின்போக்களில் பெரும்பகுதி ஸ்டீல்ஹெட் குஞ்சுகளே.

கேள்வி: குஞ்சு ஒன்று முள்ளை விழுங்கி இரத்தம் கசிந்தது. எப்படியும் செத்துவிடும் என்று எடுத்துவைத்துக்கொள்ளலாமா? (வாசகி, பெல்லிங்ஹாம்)

பதில்: கூடாது. குறைந்தபட்ச நீளத்துக்குக் கீழே உள்ள மீனையும், விட வேண்டிய இனத்தையும், காயம் எப்படியிருந்தாலும் தண்ணீரில் விட்டே ஆக வேண்டும். விழுங்கிய முள்ளைப் பிடுங்கினால்தான் செவுளும் குடலும் கிழியும். வாய்க்கு நெருக்கமாகத் தூண்டில் நரம்பை வெட்டிவிட்டு முள்ளை உள்ளேயே விட்டுவிட்டால், பல மீன்கள் நாளடைவில் அதை வெளியேற்றிவிடுகின்றன. மீனை நீரோட்டத்தை எதிர்நோக்கியபடி தளர்வாகத் தாங்கிப் பிடித்து, அது தானாக வாலை அடித்து நகரும் வரை காத்திருங்கள். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸைத் தாண்டிய பிற்பகல்களில் காயமில்லாத மீனும் தேறுவது கடினம் என்பதால், சிறிய வெப்பமானி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த அளவைக் கண்டதும் அன்றைய மீன்பிடிப்பை நிறுத்திவிடுங்கள்.